மண்ணுக்குத் தீட்டா, பட்டினியா?

(தஞ்சை ஜில்லாக் கிராமம் ஒன்றில், குருவை நடவுக்கு முன் கூடிய விவசாயிகள் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நான் பேச வந்திருக்கும் விஷயம் மண்ணைப் பற்றியது. "மேடையில் சாமியையும் சாஸ்திரத்தையும் பேசுகிற ஆளுக்கு எருவையும் உரத்தையும் பற்றிப் பேச என்ன யோக்கியதை?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அது நியாயமான கேள்விதான். நான் விவசாயக் கல்லூரியில் படித்தவனல்ல. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கப் போனவன். அங்கே கோர்த்த புத்தகங்களைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்த கொஞ்சத்தையும் தெரிந்துகொண்டேன். ஆதலால் நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் வயலிலேயே சோதித்துப் பார்க்கும் வழியையும் கடைசியில் சொல்லப் போகிறேன். சோதனையில் நிற்காததைத் தள்ளிவிடுங்கள்.

ஆனால் இந்த விஷயத்தைப் பேச எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக் கதை

எங்கள் தகப்பனாருக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருந்தது. 1994 ஆம் வருஷம் என்று ஞாபகம். நான் எட்டாவது வகுப்பில் இருந்தேன். குருவை நட்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நின்றுவிட்டது. இலையில் துருப்பிடித்த தகரம் போலப் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. தகப்பனார் ஒரு மூட்டை யூரியாவை வாங்கி வீசினார். பக்கத்துப் பயிர் கரும்பச்சையாயிற்று. திட்டில் நின்ற பயிர் நிமிரவே இல்லை. அந்த வருஷம் பாதி விளைச்சல்தான்.

அடுத்த வருஷமும் அப்படியே ஆயிற்று. குறி கேட்கப் போனார்கள். குறி சொன்னவன், "உன் வீட்டுப் பெண் ஒருத்தி தீட்டோடு வயலில் இறங்கியிருக்கிறாள், மண்ணுக்குத் தோஷம் பட்டுவிட்டது" என்று சொல்லிவிட்டான். வீட்டில் இருந்த பெண் யார்? என் தாயார்தான். நடவுக்குப் போனால் அந்தத் தெருவிலேயே முதல் கை அவர்களுடையது. அன்று முதல் சொந்த வயலின் வரப்பில் கூட அவர்கள் கால் வைக்கக் கூடாது என்றாயிற்று. செய்தி ஊரில் பரவியதும் மற்றவர்களும் நடவுக்குக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். கூலியும் போயிற்று, மானமும் போயிற்று. தோஷம் கழிக்க ஒரு கிடா, பூசாரிக்குத் தட்சணை, இதற்கெல்லாம் வட்டிக்குக் கடன். மூன்றாவது வருஷம் கடனுக்காக நிலத்தை விற்றார்கள்.

வாங்கியவர் அடுத்த ஊர்க்காரர். அவர் நட்ட பயிருக்கும் அதே புள்ளி வந்தது. அவர் குறி கேட்கப் போகவில்லை. புள்ளி விழுந்த தூர் நாலைப் பிடுங்கிக்கொண்டு விவசாய ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி இலையைப் பார்த்துவிட்டு, ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து வீசும்படி சொன்னார். அவ்வளவுதான். அந்தப் பயிர் தேறிற்று; அடுத்த நடவுக்கு முன்னமே அதைப் போட்டார், பிறகு அந்த வயலில் புள்ளியே விழவில்லை.

என் தகப்பனார் வரப்பில் நின்று அந்தப் பச்சையைப் பார்த்தார்; ஒன்றும் பேசவில்லை. வீட்டில் என் தாயார் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அப்போ என் காலுல ஒண்ணும் இல்லைதானே?"

தோழர்களே, பதினைந்து கிலோ உப்புக்கு ஒன்றரை ஏக்கர் போயிற்று. ஒரு பெண் பிள்ளை மூன்று வருஷம் குற்றவாளியாய் நடத்தப்பட்டாள். இது எங்கள் வீட்டில் மாத்திரம் நடந்ததென்று நினைக்காதீர்கள். காரணம் தெரியாத இடத்தில் பழி எப்போதும் எளியவர்கள் தலையில்தான் விழும். ஆகவே மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ளுவது விளைச்சலுக்காக மாத்திரமல்ல, நம் வீட்டு மானத்துக்காகவுமாகும்.

பயிர் எதைத் தின்கிறது?

சரி, பயிர் எதைத் தின்று வளருகிறது? மண்ணைத் தின்கிறது என்றுதான் உலகம் வெகுகாலம் நம்பிற்று. பெல்ஜியம் பக்கத்தில் வான் ஹெல்மான்ட் என்பவர் இதைச் சோதித்தார். உலர்த்தி நிறுத்த 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள ஒரு மரக்கன்றை நட்டு, தண்ணீர் மாத்திரம் ஊற்றினார். 5 வருஷம் கழித்து நிறுத்தார். மரம் 169 பவுண்டுக்கு மேல் இருந்தது. மண்ணோ ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. அவர் இறந்த பிறகு 1648 இல் இந்தச் சோதனை அச்சாயிற்று. மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்பது அவர் கண்ட முடிவு.

சோதனை சரி, முடிவு தவறு. எப்படியென்றால், அவர் காற்றை மறந்துவிட்டார். உலர்ந்த பயிரின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கரி, பிராணவாயு, ஹைட்ரஜன் என்ற மூன்றுதான். கரி காற்றிலிருந்து இலை வழியாக வருகிறது. அதைச் சமைக்கிற அடுப்பு சூரிய வெளிச்சம். இதையெல்லாம் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஹெல்மான்ட் அற்பமென்று தள்ளிவிட்ட அந்த 2 அவுன்ஸ் இருக்கிறதே, அதில்தான் நம் பிழைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்ற மூன்றும், சுண்ணாம்பு, மக்னீசியம், கந்தகம் ஆகிய மூன்றும், பிறகு இரும்பு, துத்தநாகம், மாங்கனீஸ், தாமிரம், போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் ஆகிய நுண்சத்து எட்டும், ஆக 14 பொருள்களை வேர் மண்ணிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். காற்றும் தண்ணீரும் தரும் மூன்றையும் கூட்டினால் 17. இந்தப் பதினேழில் ஒன்று குறைந்தாலும், மற்றப் பதினாறும் மலைபோலக் குவிந்திருந்தும் பிரயோஜனமில்லை.

வண்டிக்கு இரண்டு நல்ல மாடு, புதுச் சக்கரம், இரும்புப் பட்டா எல்லாம் இருக்கிறது. கடையாணி மாத்திரம் இல்லை என்றால் வண்டி ஊர் போய்ச் சேருமா? "மாடு போதவில்லை, இன்னும் ஒரு ஜோடி பூட்டு" என்று ஒருவன் சொன்னால் அவனை என்ன சொல்லுவீர்கள்? துத்தநாகம் இல்லாத வயலில் யூரியாவை மேலும் மேலும் கொட்டுவது அதுபோன்ற காரியந்தான். இருப்பவற்றில் எது மிகவும் குறைவோ அதுதான் விளைச்சலை நிர்ணயிக்கும் என்பதை ஜெர்மனியில் ஸ்பிரெங்கல் என்பவர் எடுத்துச் சொன்னார். 1840 இல் புத்தகம் போட்ட லீபிக் அதை ஊரறியச் செய்தார்.

நம் நாட்டிலேயே ஒரு சாட்சி சொல்லுகிறேன். வடக்கே இமயமலை அடிவாரத்துத் தராய் பிரதேசத்தில் நெல்லுக்கு "கைரா" என்று ஒரு நோய் வந்து பயிரை அழித்துக்கொண்டிருந்தது. பந்த்நகர் விவசாய சர்வகலாசாலையில் இருந்த நெனே என்பவர் பயிர்நோய் ஆராய்ச்சிக்காரர். அவர் 1966 இல் இது பூச்சியாலோ கிருமியாலோ வந்ததல்ல, துத்தநாகக் குறையால் வந்தது என்று காட்டினார். துத்தநாக உப்பைத் தெளித்ததும் பயிர் தேறிற்று. எங்கள் வீட்டில் நிலம் போனது அதற்கு முப்பது வருஷத்துக்குப் பிற்பாடு. முப்பது வருஷமாக உலகத்துக்குத் தெரிந்திருந்த உண்மை எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. குறிகாரன் மாத்திரம் வந்து சேர்ந்துவிட்டான்.

நான் அச்சாபீசுக்குப் போன பிறகு, ஒருநாள் நெற்பயிரைப் பற்றிய ஒரு சிறு புத்தகம் கோர்க்க வந்தது. "நட்ட 2, 3 வாரத்தில் இலையில் துருநிறப் புள்ளி, பயிர் திட்டுத்திட்டாகக் குட்டை" என்று கோர்க்கும்போது என் கை நின்றுவிட்டது. எங்கள் வயலைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. காரணமும் அதில் இருந்தது. தண்ணீர் வடியாமல் எப்போதும் தேங்கி நிற்கும் வயலிலும், சுண்ணாம்பும் உவரும் மிகுந்த மண்ணிலும், துத்தநாகம் இருந்தால்கூடப் பயிருக்குக் கிடைக்காமல் கட்டுண்டு போகிறது. மணிச்சத்து உரத்தை அளவு மீறிப் போட்டாலும் இந்தக் குறை அதிகமாகும். எங்கள் வயல் வடிகாலில்லாத பள்ளக்கட்டு. இதில் தீட்டு எங்கே வந்தது? தோஷம் எங்கே வந்தது?

பற்றும் வரவும்

"பூமித்தாய் வற்றாமல் கொடுப்பாள்" என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்பதற்கு அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் தாய் என்று சொல்லிவிட்டு, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமையை மறந்துவிட்டோம். நான் மண்ணைத் தாய் என்றும் சொல்லவில்லை, தெய்வம் என்றும் சொல்லவில்லை. அது ஒரு குதிர். எடுத்தால் குறையும், போட்டால் நிறையும்.

கணக்குப் பாருங்கள். ஒரு டன் நெல் விளைய, பயிர் மண்ணிலிருந்து எடுப்பது ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ தழைச்சத்து, 5 முதல் 7 கிலோ மணிச்சத்து, 18 முதல் 24 கிலோ சாம்பல்சத்து. ஏக்கருக்கு 2 டன் கண்டவன் இதை இரட்டித்துக்கொள்ளட்டும். தழைச்சத்தைப் போலவே, அல்லது அதற்கு மேலும், சாம்பல்சத்து போவதைக் கவனியுங்கள். அதில் ஐந்தில் நாலு பங்கு நெல்லில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. வைக்கோலை விற்றவன் சாம்பல்சத்தை விற்றான். வைக்கோலைத் தின்ற மாட்டின் சாணத்தையாவது வயலுக்குக் கொடுக்கிறோமா? வரட்டி தட்டி அடுப்பில் வைத்தால் தழைச்சத்து புகையாய்ப் போகிறது. மூத்திரத்தில்தான் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் நிறைய இருக்கிறது. அது கொட்டில் தரையில் ஓடிச் சாக்கடையில் கலக்கிறது. எருக்குழியை வெயிலிலும் மழையிலும் திறந்து போட்டால் மிச்சமும் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் குப்பையையும் சாணத்தையும் காலங்காலமாய்ச் சுமந்து வயலுக்குச் சேர்த்தவர்கள் யார்? ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டவர்கள். மண்ணுக்குச் சோறு போட்ட கையைத் தொட்டால் தீட்டு என்றார்கள். அந்த மண்ணில் விளைந்த நெல்லை மாத்திரம் படையலிட்டுப் புசித்தார்கள். இதில் எது அசுத்தம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உஷ்ண தேசத்து மண்

குளிர்தேசத்து மண்ணுக்கும் நம் மண்ணுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே வருஷத்தில் பல மாதம் பனி உறைந்து, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் வேலை செய்யாமல் கிடக்கும். அதனால் மக்கு சேர்ந்து மண் கறுத்துக் கிடக்கிறது. இங்கே வெயிலும் ஈரமும் இருப்பதால் நுண்ணுயிர்கள் வருஷம் முழுவதும் தின்றுகொண்டே இருக்கின்றன. போட்ட மக்கு சீக்கிரம் கரைந்துவிடுகிறது. அன்றியும் பெருமழை நாட்டுச் செம்மண் சத்தைப் பிடித்து வைக்கும் சக்தி குறைந்தது; மணிச்சத்தைப் போட்டால் அதிலுள்ள இரும்பு அதை இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது. கரிசல் மண் சத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் சுண்ணாம்பு மிகுந்திருந்தால் அங்கே துத்தநாகமும் இரும்பும் கிடைக்காது. ஆகவே ஒரு ஊருக்குச் சொன்ன அளவு இன்னொரு ஊருக்கு ஆகாது; ஒரே ஊரில் மேட்டு வயலுக்குச் சொன்னது பள்ள வயலுக்கு ஆகாது. உஷ்ண தேசத்தில் மக்கை ஒரு தடவை போட்டோம், போதும் என்றிருக்க முடியாது. தினம் பசிக்கிற வயிறு போல வருஷந்தோறும் போட்டாக வேண்டும்.

மூட்டை நம்பிக்கை

குறிகாரனை விட்டு உரக்கடைக்கு வந்துவிட்டோம், ஆதலால் பகுத்தறிவுக்காரராகிவிட்டோம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகமுண்டு. ஏன் போடுகிறோம், எவ்வளவு போடுகிறோம் என்று கேட்காமல், அடுத்தவன் இரண்டு மூட்டை போட்டான், நான் மூன்று போடுகிறேன் என்பதற்கும், அடுத்தவன் கிடா வெட்டினான், நான் இரண்டு வெட்டுகிறேன் என்பதற்கும் என்ன பேதம்? மூட நம்பிக்கை போய் மூட்டை நம்பிக்கை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

யூரியா கெட்டதென்று நான் சொல்ல வரவில்லை. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் இருந்தும் பயிர் அதைத் தொட முடியாமல் இருந்தது. 1909 இல் ஹேபர் என்ற ஜெர்மானியர் அதைப் பிடித்து அம்மோனியாவாக்கும் வழியைச் செய்து காட்டினார். 1913 இல் அது தொழிற்சாலையாயிற்று. இன்று உலகத்தில் கோடிக்கணக்கான ஜனங்கள் உண்ணும் சோற்றில் அந்த வித்தையின் பங்கு இருக்கிறது. அது மனித அறிவின் வெற்றி, மந்திரமல்ல. மந்திரமல்ல என்பதால்தான் அளவு பார்க்க வேண்டும் என்கிறேன். நெல் வயலில் போடும் யூரியாவில் பெரும்பாலும் நூற்றுக்கு 30, 40 பங்குதான் பயிருக்குச் சேருகிறது. மற்றதில் ஒரு பாகம் ஆவியாய்ப் போகிறது, ஒரு பாகம் தண்ணீரோடு போகிறது, ஒரு பாகம் மண்ணில் தங்குகிறது. அதிகம் போட்டால் இலை கறுத்துக் கண்ணுக்கு அழகாயிருக்கும். அந்த மெல்லிய இலைக்கு இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் வரும். கடைசியில் பயிர் சாயும். பிறகு மருந்துக்கடைக்காரனுக்கு வேறு அழ வேண்டும்.

இந்த யூரியா மோகம் எப்படி வளர்ந்தது என்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 1992 இல் மத்திய சர்க்கார் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். யூரியாவை மாத்திரம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டார்கள். மற்றவை விலை ஏறின. யூரியா மலிவாய் நின்றது. ஏழை எதை வாங்குவான்? மலிவானதைத்தான் வாங்குவான். ஆகவே குற்றம் முழுவதையும் விவசாயி தலையில் கட்டுவதும் நியாயமல்ல. கடையிலோ வேறு கூத்து. போன வருஷம் என் தமையனார் இரண்டு மூட்டை யூரியா கேட்டதற்கு, "இந்தப் பாட்டிலையும் வாங்கினால்தான் தருவேன்" என்று கடைக்காரர் ஏதோ ஒரு வளர்ச்சித் திரவத்தைச் சேர்த்துக் கட்டினார். பாட்டிலின் மேல் என்ன சத்து, எத்தனை பங்கு என்று ஒரு எழுத்தும் இல்லை. கோயில் பிரசாதத்துக்கு விலைச்சீட்டு இல்லாததுபோல இதற்குச் சத்துச்சீட்டு இல்லை!

பழமை மோகம்

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. "உரமே விஷம், நம் முன்னோர் ரகசியம் ஒன்று இருக்கிறது, ஒரு மாடு இருந்தால் முப்பது ஏக்கர் விளையும்" என்கிறார்கள். சாண எருவின் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. மண்ணைப் பொலபொலப்பாக்க, ஈரத்தைப் பிடிக்க, நுண்சத்தை அவிழ்த்துக் கொடுக்க அதைப்போல வேறில்லை. ஆனால் கணக்கு வேண்டாமா? மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு. ஏக்கருக்கு 5 டன் போட்டால் 25 கிலோ. அதிலும் முதல் போகத்தில் ஒரு பகுதிதான் கிடைக்கும். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்குச் சற்று மேல். எருவை 5 டன் போட முடிந்தவன் போடட்டும். குடம் திரவத்தைத் தெளித்துவிட்டு 5 டன் எருவின் வேலையைச் செய்யும் என்று சொன்னால், பசுவிலிருந்து வந்ததாலேயே அதை நம்ப வேண்டுமா?

பக்கத்து நாட்டில் நடந்ததைப் பாருங்கள். இலங்கையில் 2021 ஆம் வருஷம் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியைத் தடுத்தார். நாடு முழுவதும் ஒரே நாளில் இயற்கை விவசாயமாகிவிடும் என்றார்கள். அவ்வளவு எரு எங்கே இருக்கிறது என்று யாரும் கணக்கிடவில்லை. நெல்லும் தேயிலையும் அடிபட்டன. சிங்கள விவசாயியும் தமிழ் விவசாயியும் சேர்ந்து தெருவுக்கு வந்தார்கள். நவம்பர் மாதத்திலேயே உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சர்க்கார் உத்தரவுக்கு மண் கீழ்ப்படியாது, பக்திக்கும் கீழ்ப்படியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பற்றும் வரவுந்தான்.

இரண்டு கட்சிக்கும் பதில் கோயமுத்தூரில் இருக்கிறது. அங்கே விவசாயக் கல்லூரிப் பண்ணையில் 1909 இல் ஆரம்பித்த நிரந்தர எருச் சோதனை ஒன்று நூறு வருஷத்துக்கு மேல் நடந்து வருகிறது. ஒன்றும் போடாத பாத்தி, தழைச்சத்து மாத்திரம் போட்ட பாத்தி, மூன்று சத்தும் போட்ட பாத்தி, தொழுவுரம் போட்ட பாத்தி என்று தனித்தனி. தழைச்சத்து மாத்திரம் தின்ற பாத்தி பின்தங்கிவிட்டது. எல்லாச் சத்தும் அளவாய்ப் பெற்றதும், எரு பெற்றதும் தாக்குப் பிடிக்கின்றன. எந்தக் கட்சிக் கொடியும் இல்லாமல் நூறு வருஷம் சாட்சி சொல்லும் பாத்திகள் அவை.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, மண்ணைப் பரிசோதியுங்கள். அறுவடை முடிந்து உரம் போடுவதற்கு முன், வயலில் குறுக்கும் நெடுக்குமாய்ப் பத்துப் பதினைந்து இடத்தில், மேல் குப்பையை ஒதுக்கி, ஆங்கில 'வி' எழுத்துப்போல 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கத்திலிருந்து ஒரு விரல் கனம் சீவி எடுங்கள். வரப்போரம், மரத்தடி, எரு கொட்டிய இடம் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து, நாலாய்ப் பகிர்ந்து எதிர்ப்பங்கு இரண்டைத் தள்ளி, இப்படியே அரைக் கிலோ ஆகும்வரை குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, பெயர், சர்வே நம்பர், போடப்போகும் பயிர் எழுதி மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். துத்தநாகமும் மற்ற நுண்சத்தும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 2015 முதல் மண்வள அட்டை என்று சர்க்கார் கொடுத்து வருகிறார்கள். உங்கள் வயலில் மண் எடுக்காமலே அட்டை வந்தால் ஏன் என்று கேளுங்கள். அது தர்மமல்ல, உங்கள் உரிமை.

இரண்டாவது, நடவுக்கு முன் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து 45 நாளில் மடக்கி உழுங்கள். நன்றாய் வளர்ந்தால் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியாவுக்குக் குறையாத தழைச்சத்து கிடைக்கும். அதன் வேரிலுள்ள முடிச்சைக் கீறிப் பாருங்கள்; உள்ளே சிவந்திருந்தால் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் வேலை நடக்கிறதென்று அர்த்தம். கொழிஞ்சி, கிளிரிசிடியா, புங்கந்தழை, ஆட்டுக்கிடை, ஏரி வண்டல், கிடைப்பது எதுவோ அதைச் சேருங்கள்.

மூன்றாவது, யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். இலை வண்ண அட்டை என்று ஒரு பச்சைப் பட்டை இருக்கிறது. இலையை அதோடு வைத்துப் பார்த்து, வெளுத்திருந்தால் போடுங்கள்; இல்லாவிட்டால் காசை மிச்சம் பிடியுங்கள்.

நாலாவது, நான் வாக்களித்த சோதனை. யார் எதைச் சொன்னாலும், அது கம்பெனிக்காரர் பாட்டிலானாலும், சாமியார் கரைசலானாலும், நான் சொன்ன துத்தநாகமானாலும், வயலில் இரண்டு பாத்தி சமமாய் ஒதுக்குங்கள். ஒன்றில் போடுங்கள், ஒன்றில் போடாதீர்கள். மற்றதெல்லாம் இரண்டுக்கும் ஒன்றாயிருக்கட்டும். அறுத்து, தூற்றி, நிறுத்துப் பாருங்கள். தராசுக்கு ஜாதியில்லை, பக்தியில்லை, கமிஷனும் இல்லை.

ஒரு ஆக்ஷேபணையையும் ஒப்புக்கொள்ளுகிறேன். குத்தகைக்காரர் ஒருவர் கேட்கக்கூடும்: "நிலம் எனக்குச் சொந்தமில்லை. நான் வண்டல் அடித்து எருப் போட்டு மண்ணைத் தேற்றினால், அடுத்த வருஷம் குத்தகையை ஏற்றுவான் அல்லது வேறொருவனுக்கு விடுவான். நான் ஏன் மண்ணுக்குச் செலவழிக்க வேண்டும்?" அவர் கேட்பது முற்றிலும் சரி. எருவின் பலன் மூன்று, நாலு வருஷத்துக்கு வரும். அவருக்கோ ஒரு வருஷந்தான் நிச்சயம். உழுகிறவனுக்கு நிலம் நிலைக்காத இடத்தில் மண்ணுக்கு வளமும் நிலைக்காது. மண்வளம் என்பது ரசாயனத்தோடு முடிகிற காரியமல்ல, நியாயத்தையும் சேர்ந்தது என்பதை மேடையிலிருப்பவர்கள் மறக்கக் கூடாது.

தோழர்களே, முடித்துக்கொள்ளுகிறேன். என் தாயார் இன்று உயிரோடு இல்லை. கடைசிவரை அவர்கள் அந்த வயல் பக்கம் போகவில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்களல்ல என்று தெரிந்த பிறகும் போகவில்லை. உங்கள் பயிர் இந்தக் குருவையில் மஞ்சளித்தாலும், பழுத்தாலும், குட்டையாய் நின்றாலும், வீட்டிலிருக்கும் பெண்ணின் முகத்தைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள். குறி கேட்கப் போகும் பஸ் சார்ஜில் மண் பரிசோதனைக்குப் போய்விட்டு வாருங்கள். மண்ணுக்குத் தீட்டு என்று ஒன்று கிடையாது. பசி ஒன்றுதான் உண்டு. அது என்ன பசி என்று கேட்டுத் தெரிந்து போடுவதுதான் அறிவுள்ளவன் செய்யும் பூசை.